சிஸ்டம் டிஸ்க்கில் ஒரு படம்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே அவர் கூப்பிட்டுவிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் முதலில் கிடையாது. எடுத்ததும் இதுதான்:

“படம் கீதுல்லம்மா?”

“இருக்கு சார்.”

“கொஞ்சம் ஓட்டிப் பாருங்களேன்.”

நான் லேப்டாப்பில் அவர் படத்தைத் திறந்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைப்பேன். விடிகாலை நேரத்து பஸ் டிப்போ. ஒரு டிரைவர் பழைய செய்தித்தாளால் முன்கண்ணாடியைத் துடைக்கிறார், ஏறி உட்கார்கிறார், சாவியைத் திருகுகிறார். வண்டி இருமி இருமிக் கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர், “போதும்மா, நல்லா கீது” என்பார். மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஈக்காட்டுத்தாங்கலில் அவர் குடியிருக்கும் தெருவில் தேங்கிய தண்ணீர், அவருடைய முழங்கால், என் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல், மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டதைத் தாண்டி நான் எப்படிக் கடைக்குப் போகிறேன் என்பது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிடுவார். பேங்கிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பவர்களைத் தள்ளிவிட்டால், சில வாரங்களில் எனக்கு வந்த ஒரே போன் அதுதான்.

அவர் ஒரே ஒரு படம் இயக்கியவர். அந்தப் படமும் வெளிவரவில்லை. எல்லா வேலையும் முடிந்து, சத்தம் சேர்த்து, நிறம் சரிபார்த்து, தியேட்டருக்குப் போக வேண்டிய நிலையில் தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார். பிறகு அந்தத் தயாரிப்பாளர் வேறு தொழிலுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. போன் எடுப்பதில்லை. தயாரிப்பாளர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் பிரதி கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டமும் எழுதிய சட்டமும். ஆகவே படம் எடுத்தவர் கையில் அவர் படம் கிடையாது. என்னிடம்தான் இருந்தது.

நான் கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் டேட்டா பார்ப்பவள். படம் எடுப்பவர்கள் கொண்டுவரும் காட்சிகளை வாங்கி, பத்திரமாக வைத்து, எடிட்டர் கேட்கும்போது எடுத்துக்கொடுத்து, யாரும் தவறி அழித்துவிடாமல் காவல் காப்பது என் வேலை. சினிமாவில் இருக்கிறேன் என்றால் எங்கள் சர்ச் பங்கில் எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிடும். டிஸ்க் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் வந்த வேகத்தில் போய்விடும். சாந்தோமில் பிறந்த குடும்பம், அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள். மகள் சினிமாவில் சேர்ந்தது அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. அங்கே நான் ஒரு நடிகரையும் நேரில் பார்த்ததில்லை என்று சொன்னால், அது இன்னும் மோசம் என்பாள்.

ஸ்டூடியோவில் எனக்கென்று ஒரு அறை இருந்தது. ஏசி எப்போதும் நடுங்க வைக்கும். மெஷின்கள் இரைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஹார்ட் டிஸ்க். படக் கம்பெனிக்காரர்கள் புது டிஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவருவார்கள். குங்குமம் உள்ளே கொட்டிவிடக் கூடாதே என்று நான் பஞ்சால் துடைத்துத்தான் செருகுவேன், அவர்கள் திரும்பிப் போன பிறகு. வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவார்கள். புகை பட்டால் மணி அடித்துவிடும் என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே காட்டுவார்கள். நான் உள்ளே நின்று, எனக்கும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள் என்பது மாதிரி மரியாதையாகக் கைகட்டிக்கொண்டு நிற்பேன்.

அவர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு படத்தின் டிஸ்க்கில் இன்னொரு படத்தை வைக்கக் கூடாது. இடம் பாதி காலியாகக் கிடந்தாலும் கூடாது. ஓடாத படத்தின் பக்கத்தில் வைத்தால் தோஷம். ஓடிய படத்தின் பக்கத்தில் வைத்தால் அந்தக் கம்பெனிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவருடைய ராசியை இவர்கள் உறிஞ்சிவிடுவார்களாம். நான் சிரித்ததில்லை. வீட்டில் அம்மா எங்கள் குடும்பக் கல்லறையில் சித்தப்பா குடும்பத்துக்கு இடம் கொடுப்பதா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள். இடம் என்று வந்துவிட்டால் எல்லா மதத்துக்காரர்களும் ஒன்றுதான்.

பிறகு ஊரே வீட்டுக்குள் முடங்கிய காலம் வந்தது. ஸ்டூடியோவும் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது, அந்த அறைக்கு வாடகை எதற்கு, கரண்ட் எதற்கு என்று முதலாளி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டார். கிளவுட் என்பது ஒன்றுமில்லை. மும்பைப் பக்கம் எங்கோ ஒரு கட்டிடத்தில் இருக்கும் பெரிய மெஷினில் நமக்கு ஒரு பங்கை வாடகைக்கு விடுவார்கள். அந்தப் பங்கு தனி மெஷின் மாதிரியே நடந்துகொள்ளும். அதில் செருகிக்கொள்ளும் டிஸ்க்குக்கு வால்யூம் என்று பெயர். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, ஆனால் மாட்டவும் கழற்றவும் முடியும். எடிட்டர்கள் கோடம்பாக்கத்திலிருந்து அந்த மெஷினுக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது அம்மா இருந்தாள்.

அம்மா போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. தம்பி கனடாவில் இருக்கிறான், நினைத்தால் வீடியோவில் வருவான். அலுவலகக் கூட்டங்களில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் டேட்டாக்காரியிடம் பேச என்ன இருக்கிறது? காலையிலிருந்து வாயே திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கீரை வாங்கப் போய்ப் பேச்சுக் கொடுத்தால் முதல் வார்த்தை காற்றாகத்தான் வரும். கனைத்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். கீரைக்காரம்மா எனக்கு நிரந்தரமாகத் தொண்டை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தூதுவளை சாப்பிடச் சொன்னாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிளவுடுக்கு மாறியபோதும் அந்தப் பிடிவாதம் மாறவில்லை. எதற்குப் பொட்டு வைப்பது என்று ஒரு மேனேஜர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். கடைசியில் ஆயுத பூஜைக்கு என் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூடியில் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு வால்யூம்தான், சேர்க்கவே கூடாது என்று முதலாளியும் சொல்லிவிட்டார். எனக்கும் சிரமமில்லை. படம் வரும், ஒரு வால்யூம் உருவாக்குவேன், மாட்டுவேன். பேராசைக்காரன் பஸ்ஸில் ஆள் ஏற்றுவது போல ஏற்றிக்கொண்டே போனோம்.

ஒரு நாள் புதுப் படத்துக்கான வால்யூமை மாட்டப் போனால் மெஷின் மறுத்துவிட்டது. இதற்கு மேல் மாட்ட முடியாது, உச்ச வரம்பு முடிந்தது என்று ஒரு வரி. இப்படி ஒரு வரம்பு இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்துச் சொச்சம் இடம் உண்டு, நாங்கள் இன்னும் அதைத் தொடவில்லை என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து விதிகளைப் படித்தால்தான் விஷயம் புரிந்தது. மெஷின் கிளம்புவதற்கே ஒரு டிஸ்க் வேண்டும், சிஸ்டம் டிஸ்க், அதற்கு ஒரு இடம். இணையத்தோடு பேசும் நெட்வொர்க் கார்டு இருக்கிறது, அதுவும் அதே கணக்கில்தான் வருகிறது. பந்தியில் உட்காராமல் பரிமாறிக்கொண்டே இருப்பவர்களையும் இலை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர். நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இரண்டு பேரும் மரியாதையாலேயே ஒருவரை ஒருவர் எட்ட நிறுத்தி வைத்திருந்தோம்.

“இன்னும் பெரிய மெஷின் எடுத்தா சரியாகுமா மேடம்?”

“இந்த வகையில பெருசு எடுத்தாலும் வரம்பு அதேதான் சார். இன்னொரு மெஷின் எடுக்கலாம். இல்லன்னா ரெண்டு படத்த ஒரே வால்யூம்ல வைக்கலாம்.”

“ரெண்டுமே நடக்காது. சும்மா கிடக்கிறது எது?”

எனக்குத் தெரியும் எது என்று. அவருக்கும் தெரிந்திருந்தது.

“அந்த பஸ் டிப்போ படம் இருக்கே,” என்றார். “அதக் கழட்டிடுங்க.”

கழற்றினால் படம் அழிந்துவிடாது. எந்த மெஷினோடும் சேராமல் பட்டியலில் நிற்கும், பக்கத்தில் ‘அவெய்லபிள்’ என்று போட்டிருக்கும். யாரோடும் ஒட்டாமல் கிடப்பதற்கு அங்கே அந்தப் பெயர். என்னைப் பற்றியும் ஒரு காலத்தில் அத்தைமார்கள் பங்கு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆனால் கழற்றிய வால்யூமைத் திறந்து பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸைக் கிளப்ப முடியாது. அதுதான் எனக்கு உறைத்தது. அவருக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. வெள்ளிக்கிழமை போய்விடுமே என்று எனக்காகப் பயந்தேன்.

ஆகவே ஒரு வழி பண்ணினேன். அப்போது ஒரு படத்தின் வேலை ஹீரோவின் கால்ஷீட்டுக்காக நின்றிருந்தது, எடிட்டர்கள் அதைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிப்போ படத்தை மாட்டுவேன். போன் வரும், பஸ் கிளம்பும், முழங்கால், சமையல், எல்லாம் பேசி முடித்ததும் டிப்போவைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிடுவேன். யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போனவர் வீட்டில் அவர் வருவதற்குள் விருந்தாளியைத் தங்கவைத்து அனுப்புகிற மாதிரிதான். ஆடி மாதம் பூராவும் இப்படியே போனது. அந்தக் காலைகளில் பயமாக இருக்கும், ஆனால் மனசு உற்சாகமாகவும் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கென்று தலைகுளித்துவிட்டு உட்காருவேன். போனில் பேசும் ஒருவருக்காகத் தலைகுளிப்பது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹீரோ கால்ஷீட் கொடுத்துவிட்டார். அது எனக்கு யார் சொல்வார்கள்? நான் வழக்கம் போல அந்த வால்யூமைக் கழற்றச் சொன்ன நேரத்தில், கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டர் அந்தப் படத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். யாரோ உள்ளே இருக்கும்போது கழற்றினால் வால்யூம் நடுவில் மாட்டிக்கொள்ளும். கழன்றும் வராது, மெஷினோடும் இருக்காது. திரையில் ‘கழற்றப்படுகிறது’ என்றே நின்றது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிப்போ படம் வெளியில் நின்றது. போன் அடித்தது. அவராக இருக்கும் என்று எடுத்தால் உதவி எடிட்டர்.

“அக்கா, இன்னாக்கா இது, படத்தையே காணோம்? இப்பதான் கட் பண்ணிக்கினு இருந்தேன், அப்பிடியே காலியாப் பூட்சி.”

“கொஞ்சம் பொறுப்பா, பாக்கறேன்.”

“டைரக்டர் பின்னாடியே குந்தினு கீறாருக்கா. நான் இன்னா சொல்றது?”

அந்த நிலையில் ஒரே மருந்துதான், மெஷினையே அணைத்துத் திரும்பக் கிளப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அதில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் வெளியே விழுவார்கள். வேறு வழியில்லை. அணைத்தேன். அதற்குள் இன்னொரு போன் வந்துகொண்டே இருந்தது, ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து. எடுக்க முடியவில்லை. மெஷின் திரும்ப வந்து, எல்லாரும் உள்ளே போய், எந்தப் படத்துக்கும் சேதமில்லை என்று தெரிவதற்குள் ராகு காலம் நடுவில் இருந்தது. அவர் அதற்குமேல் கூப்பிட மாட்டார்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ரிலீஸ் ஆகாத ஒரு படத்துக்காக, ரிலீஸ் ஆகப்போற படத்த எல்லாம் நிறுத்திட்டீங்க மேடம். எதுக்கு?”

அந்தப் படத்தை எடுத்தவர் வாராவாரம் கேட்பார் சார், ஓட்டிக்காட்டுவேன் என்றேன். இதைச் சொல்லும்போது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தயாரிப்பாளருக்கு மெயில் மேல் மெயில் போட்டும் பதிலில்லை, இனி அந்த வால்யூமுக்கு நான் வாடகை கட்டிக்கொண்டிருக்க முடியாது, இந்த மாதத்தோடு அதை அழித்துவிடுங்கள் என்றார் முதலாளி. ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டுமானால் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று மத்தியானமே ஈக்காட்டுத்தாங்கலுக்கு நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது, திருட்டுத்தனமாக மாட்டியது, இப்போது அழிக்கச் சொல்லியிருப்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்த ஸ்னாப்ஷாட்டுன்றது இன்னாம்மா?”

“வால்யூம் அப்படியே இருக்கிற நிலைய ஒரு பதிவா எடுத்து வைக்கிறது சார். பின்னாடி வேணும்னா அதிலேர்ந்து திரும்ப வால்யூம் பண்ணிக்கலாம்.”

“அத ஓட்டிப் பாக்க முடியுமா?”

“முடியாது சார். திரும்ப வால்யூம் பண்ணி, எங்கயாவது மாட்டினாத்தான்.”

“மாட்டத்தான் எடமில்லன்றீங்க.” கொஞ்சம் இருமினார். “அப்ப அது படம் இல்லம்மா. ஓடினாத்தான் படம்.”

எனக்குக் கோபம் வந்தது. முதலாளி மேல், அந்த ஊர் பேர் தெரியாத கட்டிடத்தின் மேல், குங்குமத்தின் மேல். வேறு யாருடைய வால்யூமிலாவது ஒரு மூலையில் இவர் படத்தை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எல்லா வால்யூமிலும் பாதி இடம் காலி. வருஷக்கணக்கில் யாரிடமும் எதுவும் கேட்காத நான் கேட்கக் கிளம்பினேன்.

எங்களிடம் நிறையப் படங்கள் கொடுத்திருந்த ஒரு கம்பெனியின் மேனேஜரைத் தி.நகரில் போய்ப் பார்த்தேன். பாண்டி பஜாரில் அகலமாகப் போட்ட நடைபாதைக்கு எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். அன்பான மனிதர், காபிக்கு அவரே சர்க்கரை போட்டுக் கலக்கி என் பக்கம் நகர்த்தினார். நான் விஷயத்தைச் சொன்னதும், தன் காபியைக் கலக்கிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“ஓடாத படம்னாக்கூட எங்க முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கலாம் மேடம். இது வெளியவே வராத படம். எங்க படம் பொங்கலுக்கு வரணும்.” குரலைத் தணித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னத்தான கேப்பாங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே கடைகளில் ஆடித் தள்ளுபடி முடிந்தும் ஜனம் குறையவில்லை. அவ்வளவு பேரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ இருந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் யார் தோளோ என் மேல் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. அன்றைக்கு என்னைத் தொட்ட ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது.

இன்னொரு படம் இருந்தது. வெளியாகி, காலைக் காட்சியோடு தூக்கப்பட்ட படம். அதன் தயாரிப்பாளருக்கு இனிக் கெடுவதற்கு எதுவுமில்லை. போனிலேயே, “வச்சுக்கோங்கம்மா, எம் படத்துக்கும் ஒரு தொணை ஆச்சு” என்று சொல்லிவிட்டார். துள்ளிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சொன்னேன்.

“எந்தப் படம்மா?”

பெயரைச் சொன்னேன்.

மெதுவாகச் சொன்னார்.

“அது வேணாம்மா. அது காலைக் காட்சியோட போன படம். அதோட எம் படத்த வைக்காதீங்க.”

“சார், மாசம் முடியப் போகுது. அழிச்சிருவாங்க.”

“தெரியும்மா. அயிஞ்சாக்கூட எம் படம் இன்னும் தோக்கல. அதோட போய்ச் சேந்துச்சுன்னா தோத்த படம் ஆயிடும்.”

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை ஓசைப்படக் கழுவினேன். திட்டினேன். யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுத் திட்டுவதில் ஒரு வசதி, குரலைத் தணிக்க வேண்டியதில்லை. கிழவருக்கு இருக்கும் திமிர், நான் என்ன அவருக்குக் கடன்பட்டவளா, நான் எதற்காக ஓட வேண்டும். திட்டி முடித்ததும், அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் பட்டது. அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான், இன்னும் தோற்கவில்லை என்பது.

பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சிஸ்டம் டிஸ்க் ஞாபகம் வந்தது. எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத டிஸ்க். மெஷின் கிளம்புவதற்கென்று மட்டும் இருப்பது. அதற்கு ராசியும் இல்லை, தோஷமும் இல்லை. யாரும் அதற்குப் பொட்டு வைத்ததில்லை. அதில் யாருடைய சரக்கையும் வைக்கக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம், மெஷினை ஒரு நாள் வேண்டாமென்று தூக்கிப்போட்டால் அதுவும் கூடவே போய்விடும். புதிதாகச் சேருபவர்களிடம் இதை நானே எத்தனையோ தடவை அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மெஷின் போனாலும் டிஸ்க் போகக் கூடாது என்று குறித்துவைக்க ஒரு இடம் உண்டு. எடுத்த காட்சிகள் முழுவதையும் வைக்க முடியாது, அவை எப்போதோ தயாரிப்பாளரிடம் போய்விட்டன. என்னிடம் இருந்தது முடித்த படம் மட்டும்தான். தேவையில்லாததைக் கழித்தால் அதற்கு இடம் இருக்கும்.

முதலாளியிடம் கேட்டேன். “வால்யூம் கணக்குல வராதுல்ல?” என்றார். ஏற்கெனவே கணக்கில் இருக்கும் இடம்தான், புதிதாக எதுவும் வேண்டாம் என்றேன். “அப்ப உங்க இஷ்டம் மேடம், ஆனா இனிமே மெஷின் நிக்கக் கூடாது,” என்றார். போனை வைக்கப் போனவர், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

கடைசியாக ஈக்காட்டுத்தாங்கல். ஒரு வார்த்தை பிசகினால் இதையும் வேண்டாம் என்பார் என்று பயந்து பயந்து சொன்னேன். யார் படத்தோடும் சேர்க்கவில்லை, மெஷினுக்கே உரிய டிஸ்க், அதை நான் மட்டும்தான் தொடுவேன், மெஷின் ஓடுகிற வரைக்கும் அது கழலவே கழலாது.

“அப்ப அது உங்க எடம்.”

“அப்படித்தான் வச்சுக்கோங்க சார்.”

“இனிமே எவனும் கயட்ட சொல்ல மாட்டான்?”

“அதக் கழட்டினா மெஷினே கிளம்பாது சார். யாரும் சொல்ல முடியாது.”

“பத்திரமா இருக்கும்?”

“நான் இருக்கிற வரைக்கும் இருக்கும் சார். நீங்க கவலையே பட வேண்டாம்.”

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியது கேட்டது. “நல்லா இருக்கணும்மா நீங்க,” என்றார். அன்று சாயங்காலம் படத்தை நகலெடுத்து, இரண்டு பிரதியையும் ஒப்பிட்டு, ஒரு புள்ளிகூடக் குறையவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு பழைய வால்யூமை அழித்தேன். பிறகு நடந்தே சாந்தோம் கடற்கரைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வெகு நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை முடித்த களைப்பு இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை எதையும் கழற்றாமல், மாட்டாமல், பயப்படாமல் நிதானமாகப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை ஒரு நாள் வீட்டுக்கு வந்து முழுசாகப் பாருங்கள் சார் என்றுகூடச் சொல்லலாம், மீன் குழம்பு வைக்கலாம் என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைகுளித்துவிட்டு, முதல் காட்சியில் படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் கையில் செய்தித்தாளோடு நின்றுகொண்டிருந்தார். போன் வரவில்லை. ராகு காலம் வந்தது, போனது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். குரல் பதறியிருந்தது.

“இன்னாம்மா? படத்துக்கு எதுனா ஆயிட்சா?”

“ஐயோ, இல்ல சார். நல்லா ஓடுது.”

“யப்பா.” மூச்சை விட்டார். “பயந்தே பூட்டேன். நீங்களா கூப்டீங்களா, அதான்.” பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. “அப்ப இன்னா விஷயம்மா?”

விஷயம் என்று என்னிடம் ஒன்றுமில்லை. தேடிப் பார்த்தேன்.

“முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு.”

“அது கெடக்குதும்மா. வயசாவுதுல்ல.” சிரித்தார். “இப்பல்லாம் வெள்ளிக்கெயமன்னா உங்கள தொந்தரவு பண்றதே இல்ல, பாத்தீங்களா? உங்க எடத்துல கீதுன்னு தெரிஞ்சப்புறம் நிம்மதியாத் தூங்கறேன்மா. மின்னாடி வியாழக்கெயம ராத்திரியே நெஞ்சு அடிச்சுக்கும், நாளைக்கு இன்னா சொல்லுவாங்களோன்னு. வேல ஒண்ணு கேட்டுப் போய்க்கினு கீறேன். வச்சிரட்டுமாம்மா?”

“சரி சார். போயிட்டு வாங்க.”

வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருந்தது. அந்த வாராந்திரப் பேச்சு அவருக்கு ஒரு நாளும் பேச்சாக இருந்ததில்லை, பயம் தெளிந்த பிறகு மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் தலைகுளித்திருக்கிறேன், மீன் குழம்பு வரைக்கும் போயிருக்கிறேன். பிறகு கோபமும் போய்விட்டது, அழுகைதான் வந்தது. கவலையே பட வேண்டாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.